சுவரில் ஆறு துளைகள்

ஜூலை 28, ஞாயிறு

மேல் அலமாரியை மாட்டிவிட்டேன். நானே. தனியாக.

லயல் நேற்றுதான் சுரங்கத்துக்குக் கிளம்பினார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவரோடு சேர்ந்து வாழ அம்மா என்னையும் தம்பி ஆர்லோவையும் பிரிஸ்பேனிலிருந்து இந்த ஊருக்குக் கூட்டிவந்த இரண்டு வருடமாக இப்படித்தான். அவர் வீட்டில் இருக்கும் வாரங்களில் நாங்கள் இருவரும் கராஜில் வேலைமேசை செய்கிறோம். ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய கராஜ். இப்போது அந்தக் கார் வெளியே மழையில் நிற்கிறது. மேசைக்குக் கீழே மூன்று அலமாரி முடிந்துவிட்டது. எல்லாம் காலில் நிற்கிறவை. சுவருக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

நான் செய்த டிராயரைப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, வாம்பட் கொட்டாவி விடுற மாதிரி இருக்கு?" என்றார். குட்டிக் கரடி மாதிரி இருக்கும் அந்தப் பிராணியைப் போலவே டிராயர் வாயைப் பிளந்து நின்றது. அம்மாவும் சிரித்தாள்.

கிளம்பும்போது சொன்னார்: "மேல் அலமாரியை நான் வந்து பாத்துக்கறேன். சுவத்துல கை வைக்காதே."

ஏன் வைக்கக் கூடாது? என்னால் முடியாதா?

சுவரில் ஆணி வரிசை தெரிகிறது. அதற்குப் பின்னால்தான் மரச்சட்டம் இருக்கும். முதல் இரண்டு துளை சட்டத்தில் படவில்லை. அடுத்த நாலும் பட்டன. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் அசையாமல் நின்றது.

அம்மா வேலைக்குப் போயிருந்ததால் ஆர்லோவை நான்தான் பார்த்துக்கொண்டேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, விழுந்த வெள்ளைத் தூளை இரண்டு கையாலும் அள்ளி, "பனி! பனி!" என்று ஊதினான். பிறகு துடைப்பத்தால் பெருக்கி, மிச்சத்தை வாக்குவம் கிளீனரால் இழுத்து, சுத்தம் பண்ணிவிட்டேன்.

லயல் வந்து பார்க்கட்டும்.

ஜூலை 29

தோள் வலி. லயல் போன் செய்தபோது மூச்சு விடவில்லை. வந்து பார்க்கும்போதுதான் தெரியணும்.

ஜூலை 31, புதன்

 ஆர்லோ பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறான். டார்ச்சைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன்.

இன்று மதியம் என் தோழி டார்சியிடம் அலமாரியின் போட்டோவைக் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். போனைப் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது ஃபைப்ரோ சுவரா? சிமெண்ட் தகடு?"

"ஆமா. ஏன்?"

"டிரில் போட்டியா? லூசாடி நீ? அந்தக் காலத்து ஃபைப்ரோ பூரா ஆஸ்பெஸ்டாஸ்! எங்கப்பா ஒரு போட்டோ மாட்டக்கூட ஆணி அடிக்க விட மாட்டார். இது கூடவா தெரியாது?"

தெரியாது. பிரிஸ்பேனில் எங்கள் ஃப்ளாட்டில் எல்லாம் கான்கிரீட்.

"தூள் வந்துச்சா?" என்று கேட்டாள்.

கொஞ்சம்தான் என்றேன்.

ஆகஸ்ட் 1

நூலகக் கம்ப்யூட்டரில் படித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாமாம். உடனே ஒன்றும் தெரியாதாம். இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் தெரியுமாம். பெருக்கக் கூடாது. சாதாரண வாக்குவம் போடவே கூடாது, அது நுண்ணிய தூளைப் பின்பக்கமாக வெளியே ஊதிவிடும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அதே வாக்குவத்தால் எங்கள் அறையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாள். ஆர்லோவின் கட்டிலுக்கு அடியில். அவன் அதன் மேல் குதிரை ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

"தலை வலிக்குதும்மா, அணைச்சிடேன்" என்று கத்தினேன். அணைத்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு மாதிரி பார்த்தாள்.

அவள் குளிக்கப் போனதும் வாக்குவத்தின் குழாயைக் கழற்றி, குப்பைப் பையில் சுற்றி, கட்டைக் கால்களில் நிற்கும் எங்கள் வீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஆர்லோ இருமுகிறான். இப்போது. மறுபடியும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

"குழாய் எங்கே? அதுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?" அம்மா வீட்டையே புரட்டிப் போட்டாள். கடைசியில் ஆர்லோவிடம் குனிந்து, "நீயாடா ஒளிச்சு வச்சே?" என்றாள்.

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "ஆமா! நான்தான்! அது பாம்பு!"

"எங்கே ஒளிச்சே?"

"காட்டுல!"

இன்று அவனுக்கு கார்ட்டூன் கிடையாது. அரை மணி நேரம் அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி நடித்தேன்.

நான் எவ்வளவு கேவலமானவள்.

ஆகஸ்ட் 3

இருமல் நிற்கவில்லை. அம்மா அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வெறும் சளி என்றார். "எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. காரில் வரும் வழியெல்லாம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 4

கராஜ் கதவின் இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து வைத்தேன். கதவைப் பூட்டிவிட்டு, சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னேன். இத்தோடு எத்தனை பொய்?

ஆகஸ்ட் 5, திங்கள்

தெரிந்துவிட்டது.

சாயங்காலம் லயல் வழக்கம்போலக் கூப்பிட்டார். அம்மா சமையலில் இருந்ததால் நான் எடுத்தேன்.

"என்ன முதலாளி, தொழிற்சாலை எப்படி ஓடுது? சனிக்கிழமை வந்ததும் உன் வாம்பட்டை முதல்ல நிமித்தறோம்."

"லயல், அந்தச் சுவர்…"

"என்ன சுவர்?"

 ஒண்ணுமில்லை, அம்மா கூப்பிடறாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன கோழை நான். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

பத்து நிமிஷம் கழித்து என் போனுக்கே மறுபடி வந்தார். பின்னால் லாரிச் சத்தம்.

"நீ சுவர்னு ஏதோ சொன்னே."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

"பிரைடி. எத்தனை ஓட்டை?"

"நாலு."

 லாரி ஒன்று போய் முடிகிற வரைக்கும் சத்தம் கேட்டது.

"ஆறு" என்றேன்.

"எப்போ?"

"நீங்க போன மறுநாள்."

"சின்னவன் உள்ளே இருந்தானா?"

அவர் கேட்கக் கூடாது என்று ஐந்து நாளாக நான் பயந்த ஒரே கேள்வி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பனி, வாளி, துடைப்பம், வாக்குவம், குழாய், டாக்டர், சாவி. அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அம்மாகிட்ட போனைக் குடு."

"வேண்டாம். நானே சொல்றேன்."

"சரி. ஆனா இப்பவே சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். அடுப்படி மேசையில் போனை வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, துணிக் கூடையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுவரைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. "அந்தப் பிள்ளை அன்னிக்கு அரை மணி நேரம் அழுதானே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?" என்று மட்டும் கேட்டாள்.



ஆகஸ்ட் 6

லயல் போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மா செய்தாள். கராஜ் கதவைச் சுற்றி டேப். வாக்குவமும் குழாயும் இரட்டைப் பையில். எங்கள் அறை முழுக்க ஈரத் துணியால் துடைப்பு. நானும் துடைத்தேன். அம்மா என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

லயல் வந்துவிட்டார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு டேப்பைப் பிரித்து, உள்ளே ஒரு நிமிஷம் நின்று பார்த்து, மறுபடி மூடினார். நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். 

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மட்டம் கரெக்டா இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கை வைக்காதேன்னு சொன்னேனே தவிர, ஏன்னு சொல்லலை. இந்த ஊர்ல பொறந்த எவனுக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நீ இங்க பொறக்கலைங்கறது எனக்கு ஞாபகமே வரலை."

"என் தப்புதான்."

"ஓட்டை போட்டது தெரியாம. அஞ்சு நாள் மறைச்சது தெரிஞ்சு. ரெண்டாவதுதான் எனக்குக் கோவம்" என்றார்.

 ஆர்லோ வந்து அவர் பூட்ஸுக்குள் ஒரு கேரட்டைப் போட்டுவிட்டு ஓடினான். இருமல் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

சோதனைக்கு அனுப்பிய சுவர்த் துண்டின் முடிவு வந்தது. ஆஸ்பெஸ்டாஸ்தான். ஒருவேளை இல்லாமல் இருக்குமோ என்று எல்லோருமே உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அம்மா அந்தத் தாளை இரண்டு தரம் படித்தாள்.

மறுபடி டாக்டரிடம் போனோம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம். ஆபத்து ரொம்ப ரொம்பக் குறைவு" என்றார்.

"குறைவுன்னா, இல்லைன்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். "இல்லை. குறைவுன்னுதான் அர்த்தம்."

பொய் சொல்லாததற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆகஸ்ட் 22

அம்மா இன்று எனக்குத் தலை பின்னிவிட்டாள். பேசிக்கொண்டே.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுகிற மூன்று பேர் வெள்ளைப் பாதுகாப்பு உடையில் வந்து சுவர்களைக் கழற்றினார்கள். லயலும் வீட்டில் இருந்தார். கீழ் அலமாரிகள் மூன்றையும் துடைத்து அப்படியே வெளியே தூக்கி வைத்தார்கள். சுவரைத் தொடாமல் நின்றவை. அந்த விரல் இடைவெளி எதற்கென்று இப்போது புரிகிறது.

என் அலமாரியை எடுக்க முடியவில்லை. ஸ்குரூவைக் கழற்றினால் இன்னும் தூள் பறக்கும் என்றார்கள். சுவர்த் துண்டோடு சேர்த்து பிளாஸ்டிக்கில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். பெரிய வெள்ளைப் பொட்டலம் மாதிரிப் போனது.

"பேருக்கு ஒரு அலமாரி செஞ்சேன், அதையும் சமாதி பண்ணியாச்சு" என்றேன்.

"நல்ல அடக்கம்தான். மூணு பேரு வெள்ளை உடுப்புல வந்து தூக்கிட்டுப் போறாங்களே" என்றார் லயல். அம்மா திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

செப்டம்பர் 7, சனி, காலை பத்து மணி

வேலைமேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. இரண்டு சுவருக்கு பிளைவுட் அடித்தாயிற்று; மூன்றாவது பக்கம் வெறும் சட்டம்தான், அதன் வழியே தோட்டம் தெரிகிறது. லயல் மத்தியானம் விமானம் ஏறுகிறார். வாம்பட் டிராயரை நிமிர்த்தி, இது உனக்கு, நாங்கள் திறக்க மாட்டோம் என்றார். இந்த நோட்டு இனி அதில்தான் இருக்கும்.

காலையில் அம்மா ஆர்லோ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்புப் புத்தகத்தை எடுத்து வந்தாள். தடுப்பூசி, எடை, உயரம் எல்லாம் எழுதியிருக்கும். பெரியவனானதும் அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். கடைசியில் ஒரு காலிப் பக்கத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"குடும்மா, நான் எழுதறேன்" என்றேன்.

கொடுத்தாள்.

28 ஜூலை 2019. கராஜில் ஃபைப்ரோ சுவரில் ஆறு துளை போட்டபோது அரை மணி நேரம் உள்ளே இருந்தான். வந்த தூளைக் கையில் அள்ளி விளையாடினான். துளை போட்டது அவன் அக்கா பிரைடி, வயது பதினைந்து.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: வாக்குவத்தின் குழாயை ஒளித்தது ஆர்லோ இல்லை.