வால்வு எந்த உயரத்தில்

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. எலோடியா முழங்கால் ஆபரேஷனுக்குப் போயிருப்பதால் வால்வை நான் திறக்க வேண்டியதாயிற்று. தொட்டிக்குப் பின்னால், தரையோடு தரையாக இருக்கிறது. குப்புறப் படுத்துத்தான் கை விட்டேன். பதினெட்டு வருஷமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, என் மனைவி இதைச் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள் வருவதற்குள் மேலே மாற்றிவிடுவேன். பெரிய வேலையா என்ன?

மார்ச் 5
பெரிய வேலைதான். இரும்பு பைப் என்னைவிட மூத்தது. மரை துருவேறி இறுகிக் கிடந்தது. ரிஞ்சை மாட்டி முழு பலத்தோடு திருகினேன். வால்வு அசையவில்லை, பைப் முறிந்தது. புதன்கிழமையில் தண்ணீர் வராதே என்று, தெருப் பெட்டியில் இருக்கும் மெயின் வால்வை அடைக்கவில்லை. எங்கள் இஸ்தபலாபா பகுதியில் யார்தான் அடைக்கிறார்கள்? யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று இன்று பார்த்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முற்றமெல்லாம் வெள்ளம். நான் அடைக்க ஓடினால், பக்கத்து வீட்டு தொமித்திலா அம்மா வாளிகளோடு வழிமறிக்கிறாள்: "கொஞ்சம் பொறுங்க டான் எவரார்தோ, இன்னும் ரெண்டு வாளி இருக்கு."

மார்ச் 6
பிளம்பர் ஃபிதென்சியோ வந்தார். "ஒரு ரிஞ்சால பைப்பைப் பிடிச்சுக்கணும், இன்னொண்ணால திருகணும். உங்க வீட்டம்மாவுக்கே தெரியுமே." பிறகு, "எந்த உயரத்துல வைக்க?"
"அவ நின்னா எட்டணும்" என்றேன்.

மார்ச் 7
ஒரு சொட்டு ஒழுகவில்லை. கைப்பிடிக்குச் சிவப்பு வண்ணம் அடித்தேன். டாக்டர் என்னை நேரில் வரச் சொல்கிறார். எதற்கு?

மார்ச் 15
கூட்டி வந்தேன், சக்கர நாற்காலியில். காலில் கிருமி தொற்றிவிட்டது. எப்போது நிற்பாள் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். எலோடியா வால்வை நோக்கிக் கை நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. "நல்லா இருக்கு, கிழவா" என்றாள். அவ்வளவுதான். எதற்கெடுத்தாலும் திட்டுகிறவள், ஒரு திட்டுகூட இல்லை. உள்ளே போய் அழுதேன்.

மார்ச் 17
தெருப் பெட்டியில் அடைத்தேன். இரண்டு ரிஞ்சு. நாற்காலியில் நானே உட்கார்ந்து அளந்து, வால்வைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கினேன். தொமித்திலா அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு போனாள்.

மார்ச் 18, செவ்வாய்
ஆறு மணிக்குக் குழாய் உறுமியது. நான் செருப்பைத் தேடுவதற்குள் அவள் நாற்காலியை உருட்டிப் போய்த் திறந்துவிட்டாள். பைப் இணைப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, அவள் மடியெல்லாம் நனைந்தது.

"பதினெட்டு வருஷமா ஒரு சொட்டு ஒழுகலை. நீ கை வெச்சே, போச்சு. மரைல நூல் சுத்தினியா, இல்ல உன் தலைமுடியைச் சுத்தினியா? வாயைப் பாக்காதே, வாளியை எடு."

தொட்டி நிறையும்வரை அவள் திட்டுவதை நிறுத்தவில்லை. நான் வாளியைப் பிடித்தபடி, தொட்டி மெதுவாக நிறையட்டும் என்று நின்றிருந்தேன்.