வெள்ளை மாத்திரையும் நத்தைக் கறியும்

அண்ணே,

இன்று காலை திருவிடைமருதூர் மருந்துக்கடையில் ஒருவர் வயிற்றெரிச்சல் மாத்திரை வாங்கி, வாசலிலேயே நின்று மென்றார். அந்தப் புதினா வாசனை பட்டதும் உங்கள் சட்டைப் பைதான் நினைவுக்கு வந்தது. கூலிப் போராட்டம் நடந்தபோது அதில் பீடி இருக்கும், இல்லையென்றால் இந்த வெள்ளை மாத்திரை இருக்கும்.

அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு, நம் தெருவே அறுப்புக்கு இறங்காமல் நின்றது. ஆட்சி ஏழைகளுடையது என்று மேடையில் முழங்கினார்கள். போலீஸ் வேன் என்னவோ மிராசுதார் வாசலில்தான் நின்றது. அவருடைய ஆட்கள் அடித்த அடியில் உங்கள் முதுகு நிமிரவில்லை. பெட்டிக்கடை வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினீர்கள். அது வயிற்றைப் புண்ணாக்கியது. வெள்ளை மாத்திரை எரிச்சலை அடக்கியதே தவிர, புண்ணை ஆற்றவில்லை. இதெல்லாம் நர்ஸ் படிப்புக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று தெருவில் எல்லோருக்கும்தான் வயிறு எரிந்தது, அதை யார் நோய் என்பார்கள்?

"பசிக்கும் இதான் மருந்து, பாப்பா. ஒண்ணு போட்டா சோறு கேக்காது" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

மலம் கருப்பாகப் போகிறது என்று அண்ணியிடம் மட்டும் சொன்னீர்களாம். வேலை நின்றதிலிருந்து வாய்க்கால் நத்தைதான் நமக்குச் சாப்பாடு. "நத்தைக் கறி தின்னா அப்படித்தான் போவும், விடு" என்றீர்களாம். அண்ணியும் விட்டுவிட்டார். அது ரத்தம் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

ரத்த வாந்தி எடுத்த மத்தியானம் வண்டி கட்டினோம். வெண்ணாற்றுப் பாலத்தில் உங்கள் கை சில்லிட்டது. "கூலி?" என்று கேட்டீர்கள்.

"ஒத்துக்கிட்டாங்கண்ணே" என்று பொய் சொன்னேன்.

பிறகு உண்மையாகவே ஒத்துக்கொண்டார்கள். கூட்டிக் கொடுத்த நெல்லில்தான் உங்கள் கருமாதிச் சோறு வடித்தோம்.

இன்று அந்த மனிதரை விடவில்லை. "எத்தனை நாளா இது? வலி மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்றேன்.

"மூட்டுவலிக்குப் போடுறேம்மா. இது சும்மா கேஸ்தானே, மாசக்கணக்கா இருக்கு."

"எரிச்சலுக்கு நல்ல மாத்திரைதாங்க. ஆனா டாக்டரப் பாக்காம மாசக்கணக்கா மென்னுக்கிட்டு இருக்கக்கூடாது" என்றேன். பிறகு, நம் பக்கத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்காததைக் கேட்டேன். "வெளிக்கிப் போறது தார் மாதிரி கருப்பா இருக்கா?"

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமில்லை. அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்க, அன்று உங்கள் பக்கத்தில் ஒருத்தராவது இருந்திருக்கக் கூடாதா, அண்ணே?