வின்ச் பிரேக் பிடிக்காத வாரம்

மே 6, செவ்வாய்

காலையிலேயே அனல். உச்சிப்புளியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். மீன்பிடித் தடைக்காலம், படகு பழுதுபார்க்கும் யார்டில் படகுகள் வரிசை. ஒவ்வொருவனுக்கும் அவன் படகுதான் முதலில் கரையேற வேண்டும்.

பத்தரை மணி. படகைக் கரைக்கு இழுக்கும் வின்ச்சின் மோட்டாரை நிறுத்தியும் பிரேக் பிடிக்கவில்லை. பாதி ஏறிய படகு, தண்டவாள வண்டியோடு நாலடி பின்னால் சறுக்கியது. அடியில் கூலியாள் பிச்சை. பாசியும் சிப்பியும் காய்வதற்குள் சுரண்ட வேண்டுமாம், பாதி வழியில் நிறுத்தி உள்ளே நுழைவது இங்கே வழக்கம். சொன்னால் யார் கேட்கிறார்கள்? நல்லவேளை, உருண்டு வெளியே வந்துவிட்டான். முழங்கையில் காயம், அவ்வளவுதான்.

வின்ச் ஓட்டியது அவனுடைய சொந்த அண்ணன் அருளப்பன்.

முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னய்யா எலக்ட்ரீசியன், என்ன கோளாறு?"

வேறென்ன, அருளப்பனின் எண்ணெய் டப்பாதான். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று கண்ணில் படும் இரும்புக்கெல்லாம் சாளை மீன் எண்ணெய் தடவுவான். கதவுக் கீல், சைக்கிள், வின்ச், எதையும் விடுவதில்லை. பிரேக் பக்கம் போகாதே என்று நூறு தடவை சொல்லியாயிற்று. எண்ணெய் பட்டால் வழுக்கத்தானே செய்யும்! அதையே சொன்னேன். எல்லார் முன்னாலும். மோட்டாரைத் திறந்துகூடப் பார்க்காமல்.

"மூடி மேலதாண்ணே தடவுனேன்" என்றான். "உள்ள போயிருச்சோ என்னமோ."

முதலாளி: "ஏலே, ஒந்தம்பிய நீயே கொன்னுருப்பியேடா! இனி வின்ச் பக்கம் வராத."

மே 7, புதன்

மோட்டாரைப் பிரிக்க முடியவில்லை. ஸ்பானர் செட்டை எவனோ இரவல் கொண்டுபோயிருக்கிறான். எவன் என்று ஒருத்தனுக்கும் தெரியாது!

நாளை:
– பிரேக் மூடி கழற்ற
– பிரேக் லைனிங் பார்க்க
– இடைவெளி அளக்க (ஃபீலர் கேஜ் எங்கே??)
– மோர் வாங்க

டீக்கடையில் காதில் விழுந்தது: "பிச்ச பொண்டாட்டி பைப்படியில வச்சு அருளப்பன உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாளாம்ல. அண்ணந்தம்பி பேச்சுவார்த்தை இல்ல." இன்னொருவர்: "அவன் சர்ச்சுக்குப் போயி சாமியார்ட்ட செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனமே பண்ணிட்டு வந்துட்டான்."

பண்ணட்டும். செய்தவன் பண்ணத்தான் வேண்டும்.

மே 8, வியாழன்

காற்றே இல்லை. மூடியில் நாலு போல்ட். துரு ஏறி உயிரை வாங்கும் என்று பார்த்தால், அருளப்பன் எண்ணெய் பட்டதால் சுலபமாகக் கழன்றன. அதற்கும் எரிச்சல்.

உள்ளே மீன் வாடையே இல்லை. லைனிங் முழுக்க நீலக் கிரீஸ், களிபோல அப்பிக் கிடந்தது. இந்த யார்டில் நீலக் கிரீஸ் என் கிரீஸ் கன்னில் மட்டும்தான்.

போன மாதம் மோட்டாரின் பின்பக்க பேரிங் கத்தியது. சத்தம் அடங்கும்வரை கிரீஸ் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. பழைய கிரீஸ் வெளியேற அடியில் ஒரு திருகு இருக்கிறது, அதையும் கழற்றவில்லை. போக வழியில்லாமல் ரப்பர் சீல் வழியாகப் பிதுங்கி பிரேக்குக்குள் இறங்கிவிட்டது. இருபத்தோரு வருட சர்வீஸ் எனக்கு. தூ.

பக்கத்தில் யாருமில்லை. துடைத்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. துணியைக் கையில் எடுத்தும்விட்டேன். அசிங்கமாக இருந்தது. கீழே போட்டேன்.

ஊறிய லைனிங் உதவாது. மதுரைக்குப் போன் போட்டேன், பஸ்ஸில் அனுப்புகிறார்களாம்.

மே 9, வெள்ளி

லைனிங் வந்தது. பிரேக் தட்டைச் சுத்தமாகக் கழுவி, புது சீல் போட்டு மாட்டினேன். இடைவெளி சரி. பேரிங்குக்கு, திருகைக் கழற்றிவிட்டு, எண்ணி நாலே அடி. பாரம் ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். அங்கனயே நிற்கிறது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி விடுய்யா. வெளிய சொல்லித் தொலைக்காத, யார்டு பேரு கெட்டுரும்."

"அருளப்பன் பேரு?" என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் தங்கச்சிமடத்தில் அருளப்பன் வீடு. அண்ணன் தம்பி வீடுகள் ஒட்டினாற்போல. வாசலில் நின்றே சொன்னேன்: "தப்பு என்னோடது. கிரீஸ அடிச்சது நான். ஒன் எண்ண உள்ள போகவே இல்ல."

திட்டுவான் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "மூணு நாளா என் தம்பிய நாந்தான் கொல்லப் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டு கெடந்தேண்ணே" என்றான்.

பக்கத்து வாசலில் பிச்சையின் மனைவி: "பழி சொல்லும்போது ஊரக் கூட்டித்தான சொன்னீக? இத மட்டும் வீட்ல வந்து சொல்றீக!"

மே 10, சனி

ஏழு மணி. எல்லாரும் வந்தபிறகு சத்தமாகச் சொன்னேன். முதலாளி முறைத்தார், முறைக்கட்டும். அருளப்பன் யாரையும் கேட்காமல் போய் வின்ச்சில் நின்றான்.

படகு பாதி ஏறி நின்றதும் பிச்சை சுரண்டியோடு அடியில் நுழைகிறான்! சக்கரத்துக்குக் கட்டை கூட வைக்கவில்லை. பட்டும் புத்தி வரவில்லையா என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து குரல்: "வின்ச்சுல எங்கண்ணந்தானண்ணே நிக்குது."