பாம்புக் காவின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணி

இன்று காலை பரணிலிருந்து உன் வெள்ளை ஃபிளானல் துணியை இறக்கினேன். ஓரத்தை மடித்துத் தைத்து நீ கோர்த்த மூங்கில் கம்பு அப்படியே இருக்கிறது. முகத்தருகே கொண்டுபோனால் காய்ந்த புல்லின் வாசனை.

இந்தத் துணியோடுதான் உன்னை முதலில் பார்த்தேன். அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது உண்ணி கடித்து, லைம் நோய் வந்து, முட்டி வலியோடு நீ திரும்பி வந்திருந்த சமயம். எனக்கு அதெல்லாம் தெரியாது. காலனிக்குப் பின்னால், நாகர் குடியிருக்கும் மரக்கூட்டமான பாம்புக் காவின் ஓரம் ஒருத்தி வெள்ளைத் துணியைப் புல்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தால், வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்தவள் என்ன நினைப்பாள்? நாக தோஷப் பரிகாரம் என்றுதான். பயபக்தியோடு ஒரு டம்ளர் பாலும் மஞ்சள்பொடியும் கொண்டுவந்து நின்றேன்.

"நாகருக்காக்கும்? இதையும் சேத்துக்கோங்கோ."

"உண்ணி பிடிக்கறேன் மாமி! துணில ஒட்டிக்கும். பாலைத் தாங்கோ, காபி போடலாம்."

எனக்குக் கோபமான கோபம். காபியையும் குடித்தேன். ஒரே வயது என்று தெரிந்ததும் வா, போ என்றாகிவிட்டோம்.

அப்போது காலனியே பயந்து கிடந்தது. உண்ணி கடித்த ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டு வந்திருந்தது. காவை வெட்டி மருந்தடிக்க வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரல். நீ மட்டும் கேட்டாய்: "உண்ணி எங்க இருக்குன்னு யாராவது பாத்தேளா?"

யாரும் பார்க்கவில்லை. நாம் இருவரும் பார்த்தோம். உன் பூதக்கண்ணாடி லென்ஸை என் கையில் கொடுத்தாய். புல்நுனியில் ஒன்று முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்தது. "கிழக்கேகோட்டைல பஸ்ஸுக்குக் கை காட்டறாப்பல இல்லே?" என்றாய். நாயோ மனிதரோ, எது வந்தாலும் ஏறிக்கொள்ளுமாம். என் அருவருப்பு போன இடம் தெரியவில்லை. அடுத்தது எங்கே என்று நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

காவுக்குள் ஒன்றிரண்டுதான் கிடைத்தன. துணி நிறைய ஒட்டியதெல்லாம் காலனிக்காரர்களே மதிலோரம் கொட்டிய சருகிலும், தெருநாய்கள் படுக்கும் உயர்ந்த புல்லிலும். சருகை அள்ளச் செய்தாய். புல்லை வெட்டி, நாய்களுக்கு மிருக டாக்டரைக் கொண்டு மருந்து போடவைத்தாய். காவுக்கும் வீடுகளுக்கும் நடுவே சரளைக்கல் பரப்பினோம். வெயிலில் காய்ந்த கல்லைத் தாண்ட உண்ணி யோசிக்கும் என்றாய். காவு பிழைத்தது.

போன கர்க்கடக மாத மழையில் உன் இதயம் நின்றது. அப்புறம் யாரும் சருகு அள்ளவில்லை. காவை வெட்டும் பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது. அதற்காகத்தான் பரண் ஏறினேன்.

மதிலோரம் துணியை இழுத்தேன். ஒன்று ஒட்டியது, கை காட்டிக்கொண்டே. உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. லென்ஸைப் பிடித்தபடியே அழுதேன்.

புதிதாகக் குடிவந்த பெண் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "எந்தா மாமி, சர்ப்பத்துக்கு வழிபாடா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஒரு டம்ளர் பால் கொண்டு வா மோளே. சொல்றேன்."