ஷோகேஸில் இருந்த முகமூடி

என் ஆசை அண்ணே,

உன் மேல் எனக்குக் கோபம். பதினாறு நாளாய் வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. நீ இருக்கும்போது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது ஊர் கேட்கப் பேசுகிறேன்.

என் பிழைப்பே ஜப்பான்தான், உனக்குத் தெரியும். அறிவியலும் இயந்திரங்களும் அந்த நாட்டு ஜனங்களை என்ன செய்தன என்று படிப்பேன், எழுதுவேன், பாடம் நடத்துவேன். ஒரு கருவி வீட்டுக்குள் வந்தால் போதாது, அதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். டோக்கியோவில் அதற்குக் கைதட்டினார்கள். நீ எங்கே வைத்தாய்?

ஒரு லீவில் வந்தபோது சின்னமனூர்த் தோட்டத்தில் உன்னைப் பார்த்தேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து மருந்தடித்துக்கொண்டிருந்தாய். அடித்ததில் பாதி உன் முகத்திலேயே இறங்கியது. மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஜப்பானுக்குத் திரும்பிப் போனதும் முதல் வேலையாக, மருந்து நெடி உள்ளே போகாத முகமூடி இரண்டு வாங்கி அனுப்பினேன். போனில் கேட்டபோது, "நல்லாருக்கு தாயி" என்றாய். போட்டுக்கொண்டாயா என்று நான் கேட்கவில்லை. நல்லாருக்கு என்றால் போட்டுக்கொண்டான் என்றுதானே நினைப்பேன்?

நுரையீரல் கெட்டு மூச்சு முட்டி நீ படுத்தபோது பெரியாஸ்பத்திரியில் டாக்டர், பீடி எத்தனை வருஷமாக என்று கேட்டாராம். பீடியைக் கையால் தொடாதவன் நீ. மருந்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நீயும் சொல்லவில்லை.

நேற்று உன் காரியம். உனக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்தார்கள். பணியாரம், வேட்டி, செல்போன். கடைசியாக மதினி ஷோகேஸைத் திறந்து, பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்து வந்து உன் போட்டோ முன்னால் வைத்தது. நான் அனுப்பிய பெட்டி.

"ஜப்பான் சாமானைத் தோட்டத்துல போட்டு நாசமாக்கணுமான்னு சொன்னாக. வர்றவுகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாக," என்றது மதினி.

தங்கச்சி அனுப்பியது என்ற பெருமையைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு விஷத்தை மூச்சில் இழுத்தாயே, உனக்கு அறிவிருக்கிறதா? உன்னைக் கேட்கிறேன், எனக்கு இருந்ததா? பெட்டி முழுக்க ஜப்பானிய எழுத்து. பரிசுப் பொருள் மாதிரி அனுப்பியிருக்கிறேன். தினமும் போடு, இல்லாவிட்டால் செத்துப்போவாய் என்று தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டத் தோன்றவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் அண்ணே.

படையலில் கை வைக்காதே என்று பெரியப்பா அதட்டினார். எல்லார் முன்னாலும் பெட்டியைக் கிழித்தேன். உன்னோடு மருந்தடிக்கும் மாயாண்டி வாசலில் நின்றான். அவன் முகத்தில் நானே மாட்டி வாரை இறுக்கினேன். உன் நினைவாகப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றான்.

"வச்சிருந்தா உன்னையும் படையல்லதான் பாப்பேன். போட்டுத் தேய்டா," என்றேன்.

இன்று காலை அவன் பந்தலுக்குள் போனான், முகத்தில் முகமூடியோடு. பெட்டியில் இருந்த இன்னொரு முகமூடி மதினிக்கு. இனி நம் தோட்டத்தில் வெறும் முகத்தோடு யாரும் மருந்தடிக்க விடமாட்டேன். அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டேன். தினமும் போன் போட்டுக் கேட்பேன், உன்னிடம் கேட்காத அந்த ஒரு கேள்வியை.

கோபம் ஆறாத,
உன் தங்கச்சி