ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி

விடுமுறை முடிந்து இன்று கல்லூரி இருட்டறையைத் திறந்தோம். படம் கழுவும் ஹைப்போவின் வாடை முகத்தில் வந்து மோதியது. உதவியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். நான் கதவருகே சற்று நேரம் நின்றேன். நீ இல்லாத முதல் ஜூன் இது.

அந்தக் கேமராவை வாங்கலாமா என்று நீ என்னிடம் கேட்டது எழுபதுகளின் தொடக்கத்தில். நீ நல்லேப்பிள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் என்ற மலையூரில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே நடக்கும் கால்பந்து இறுதியாட்டத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், தெளிவாக இருந்தால் தொடர்ந்து வாய்ப்புத் தருகிறோம் என்று ஒரு வாரப் பத்திரிகை உனக்கு எழுதியிருந்தது. மைதானத்துக் கோட்டோரம் கேமராவோடு நிற்க வேண்டுமென்பது உன் நெடுநாள் ஆசை. உன்னிடம் இருந்த பெட்டிக் கேமராவோ நடக்கிறவரைக்கூட மங்கலாக்கிவிடும்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோக்காரர் நீள லென்ஸ் பூட்டிய பழைய கேமரா ஒன்றை எடுத்து வைத்தார்.

"எஸ்டேட் துரை வெச்சிருந்ததுங்க டீச்சர். செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குங்க. ஓடற மாட்ட அப்படியே நிறுத்திப்போடும்."

சான்றாக ரேக்ளாப் பந்தயப் படம் ஒன்றைக் காட்டினார். மாட்டின் மயிர்கூடத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் எனக்கு உறுத்தியது. சக்கரத்துக்குப் பின்னால் துளிப் புழுதி இல்லை.

"ஏனுங்க, இது ஓட்டத்துக்கு முன்னால எடுத்ததுங்களா?" என்றேன்.

"இந்தம்மா போலீஸ்ல இருக்க வேண்டியவங்க," என்று அவர் உன்னிடம் சொன்னார். நீ என் காலை மிதித்தாய். "எடுத்துட்டுப் போய் ஊட்டுல வெச்சுப் பாருங்க. அப்புறமாச் சொல்லுங்க," என்று கொடுத்தனுப்பினார்.

உன் கிராமபோன் இசைத்தட்டின் ஓரத்தில் சுண்ணாம்புப் புள்ளி ஒன்று வைத்து, தட்டைச் சுழலவிட்டுப் படமெடுத்தேன். ஷட்டர் சொன்ன வேகத்தில் மூடினால் புள்ளி புள்ளியாகவே விழ வேண்டும். இந்த இருட்டறையில்தான் கழுவினோம். புள்ளிக்கு வால் முளைத்திருந்தது. ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி எடுத்த எல்லாப் படத்திலும் அதே நீள வால். கணக்குப் போட்டேன். ஆயிரம் என்று வைத்தாலும் ஐந்நூறு என்று வைத்தாலும் அது செய்தது நூறில் ஒரு பங்குதான்.

"பொய் சொல்லுது. வேண்டாம்," என்றேன்.

நீ படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாய். "எப்பக் கேட்டாலும் ஒரே பொய்யத்தானே சொல்லுது புள்ள. அப்படிப்பட்டவங்களோட குடும்பமே நடத்தலாம்."

பள்ளிவாசலுக்கு நானும் வந்தேன், நம்பாமல்தான். இடைவேளைக்குள் மூடுபனி இறங்கிவிட்டது. அந்த மங்கிய வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற உன்னிடம் தோட்டத்து ஆள் ஒருவர், "யக்கா, தள்ளி நில்லுங்க. பந்து மூஞ்சியப் பேத்துரும்," என்றார்.

"பேத்துதுன்னா நீங்க ஒரு படம் எடுத்துக்குங்க," என்றாய்.

ஆட்டக்காரர்கள் ஓடும்போதெல்லாம் நீ பொத்தானைத் தொடவே இல்லை. கேமரா சிக்கிக்கொண்டதென்றே நினைத்தேன். பந்தைத் தலையால் முட்ட யாராவது எழும்பி, ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் கணத்தில் மட்டும் அமுக்கினாய்.

கழுவியபோது, ஒரு படத்தில் பந்தை முட்ட எழும்பிய இருவரின் நெற்றிச் சுருக்கமும் தெரிந்தது. பந்து மட்டும் நீண்ட மங்கல். கேமரா போதும் என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

பத்திரிகை வந்தது. உன் படத்தில் மங்கல் இருந்த இடத்தில் வெள்ளையாக, வட்டமாக, கூரிய விளிம்போடு ஒரு பந்து இருந்தது. தூரிகையால் வரைந்திருந்தார்கள். உன் பள்ளியே பாராட்டியது. அடுத்த ஆட்டத்துக்கும் அழைப்பு வந்தது.

"கேமரா சொல்ற பொய் எவ்வளவுன்னு அளந்து குடுத்தே. இத எதை வெச்சு அளப்பே?" என்று என்னிடம் கேட்டாய்.

பந்தை வரையாமல் போடுவதானால் வருகிறேன் என்று அவர்களுக்கு எழுதினாய். பதில் வரவில்லை. அதன்பிறகு உன் பள்ளிப் பெண்களின் ஓட்டத்தை மட்டுமே எடுத்தாய்.

அந்தப் படத்துக்கு நீ முதலில் போட்ட பிரதி என் மேசையில் இருக்கிறது. பார்க்கிறவர்கள், "பந்து சரியா விழலையே," என்கிறார்கள். அது வந்த வேகம் அப்படி என்று சொல்லிவிடுகிறேன்.