அம்மாவின் பேரில் ஓடிய கார்

அன்புள்ள வாலு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஜலதோஷம் விட்டு, தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன வாரம் போனில் அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், தொண்டைக்கட்டு என்று நான் சமாளித்தேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால் பதறாமல் படி.

ஏதோ கம்பெனியிலிருந்து என்று சொல்லி ஒருவன் அம்மாவுக்கு போன் செய்தான். எங்கள் ஆட்களுக்கெல்லாம் நீங்கள்தான் கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும், உங்கள் டிரைவிங் ஸ்கூலைப் பற்றி ஊரே பேசுகிறது என்று தேனாகப் பேசியிருக்கிறான். சரிபார்க்க வேண்டும், லைசென்ஸை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புங்கள் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, உடனே அனுப்பிவிட்டாள். எழுத்து தெளிவாக விழட்டும் என்று விளக்கைப் போட்டுக் கொடுத்த புத்திசாலி நான்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு வேறென்ன தோன்றும். அதற்குப் பிறகு அவன் பேச்சுமூச்சே இல்லை, நாங்களும் மறந்துபோனோம்.

ஒரு நாள் காலையில் வாடகைக் கார் கம்பெனிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, வண்டி விஷயமா வந்திருக்கேம்மா என்றார். கற்றுக்கொள்ள வந்தவர் என்று அம்மா நினைத்துவிட்டாள். உட்காருங்க, முதல்ல கண்ணு நல்லா தெரியுதான்னு பார்த்துடுவோம், அந்தக் காலண்டரைப் படிங்க என்றாள். அந்த மனுஷரும் ஒழுங்காகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும்மா, எங்க காரை எப்போ திருப்பித் தருவீங்க என்றார். அம்மா படம், பெயர், விலாசம் எல்லாம் அவர் கையில் இருந்தது. அந்தப் பிரதியைக் காட்டி எவளோ ஒருத்தி காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போனவள் சும்மா போகாமல் பெரிய சாலையில் கண்மண் தெரியாமல் பறந்து கேமராவில் சிக்கியிருக்கிறாள். விசாரணை முடிகிற வரை நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது, யாருக்கும் சொல்லித்தரவும் கூடாது என்று லைசென்ஸ் ஆபீஸிலிருந்து அம்மாவுக்கு உத்தரவு வந்துவிட்டது. தெருமுனை திரும்பவே கைகாட்டி, ஹார்ன் அடித்து, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்புகிறவள் உன் அம்மா, அவள்மேல் இந்தப் பழி.

அந்த நாட்களில் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஸ்கூலுக்குப் போனார்கள். ஓட்டாத காரைத் தினமும் கழுவினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது டிரைவருக்குப் பதிலாக இவள் பிரேக்கை மிதித்தாள், மிதிபட்டது என் கால். பிறகு ஒரு நாள் எழுந்தவுடன், நான் ஏன் ஒளிஞ்சு உட்காரணும் என்று கிளம்பிவிட்டாள். நேராக வாடகைக் கார் கம்பெனிக்குப் போய், காரை எடுத்துட்டுப் போன அன்னிக்கு உங்க ஆபீஸ் கேமராவுல விழுந்ததைக் காட்டுங்க என்றாள். காலண்டர் படித்தவரே எடுத்துக் காட்டினார். முகத்தில் பாதியை மூடிய கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக யாரோ ஒருத்தி நிற்கிறாள். அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை, தேதியையும் நேரத்தையும்தான் பார்த்தாள். அந்த நேரத்தில் நம் தெரு பேக்கரிக்காரரைத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு லைசென்ஸ் ஆபீஸில் இருந்திருக்கிறாள்! ஓடிப்போய்த் தேர்வு வைத்த இன்ஸ்பெக்டரைப் பிடித்து, என்னை ஞாபகம் இருக்கா சார் என்றாளாம். உங்களை மறந்தாலும் உங்க ஆளை மறப்பேனா, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா என் பூந்தொட்டி மேல ஏத்தினாரே என்று அவர் சொல்லிவிட்டு, அதை அப்படியே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார். தொட்டி உடைந்த அன்று நான் பேக்கரிக்காரரைத் திட்டினேன், இப்போது கண்டால் கும்பிடுகிறேன்.

காரும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கிடைத்துவிட்டது. போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் குறுக்கே கோணலாக நின்றதைப் பார்த்ததும், திருடினதுகூடப் போகட்டும், என் பேரை வெச்சுக்கிட்டு இப்படியா நிறுத்துவா என்று அம்மா கொதித்தாள். போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். காரை எடுத்துப்போனவள் இன்னும் அகப்படவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அம்மா மேல் இருந்த தடையை நீக்கி, பழைய லைசென்ஸை ரத்து செய்து புது எண்ணில் கொடுத்திருக்கிறார்கள், பேங்கிலும் சொல்லி வைத்தாயிற்று. புதுசு கைக்கு வந்த அன்று சாயங்காலம், ஏங்க, வாங்க என்று என்னைக் காரில் உட்காரவைத்து எங்கே போகிறோம் என்றே சொல்லாமல் ஊரைச் சுற்றினாள். சிக்னலில் நின்றபோது மெதுவாக, நான்தான் நான்னு நம்ப மாட்டேங்கறாங்களே, வேற எதைக் காட்டறதுன்னு பயந்துட்டேங்க என்றாள். பச்சை விழுந்தும் அவள் எடுக்கவில்லை, பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டோம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், புது வீடு பார்த்திருப்பதாகவும் வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பதால் லைசென்ஸ் பிரதியை முதலில் அனுப்பச் சொல்கிறார் என்றும் நேற்று நீ சொன்னதுதான். அனுப்பாதே. வீட்டைப் பார், ஆளைப் பார், நேரில் காட்டு. பிரதி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எண்ணில் பாதியை மறைக்கலாமா என்று கேள், படத்தின் குறுக்கே யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று எழுதிக் கொடு. வேலை முடிந்ததும் அழிக்கச் சொல். கேட்க வெட்கப்படாதே, கோபித்துக்கொள்கிறவர் வீடு நமக்கு வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் மறைக்காமல் சொல், திட்ட மாட்டேன், அம்மாவையும் திட்ட விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நிறையச் சிரி, ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. எல்லா நலனும் உன்னைத் தேடி வரட்டும். உனக்குப் பேர் வைக்க நானும் அம்மாவும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் சண்டை போட்டோம். அவ்வளவு பாடுபட்டு வைத்த பேரை எவனோ சும்மா தூக்கிக்கொண்டு போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.

அந்தச் சண்டையில் தோற்ற,
உன் அப்பா